காய்ச்சல் விட்ட பிறகு

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, டெங்குக் காய்ச்சலோடு படுத்திருந்தான். அந்தப் பக்கம் இன்னொருத்தியின் தம்பி, அதே காய்ச்சலோடு. அவனுக்குத் துணையாக அவன் அக்கா. இவனுக்குத் துணையாக நான். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை கிடையாது. காது அது பாட்டுக்கு வேலை செய்தது.

அந்த வார்டில் யாரும் யாரையும் “எப்படி இருக்கீங்க” என்று கேட்பதில்லை. “எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை அது. பிளேட்லெட் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். நல்ல உடம்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். காலை ரிப்போர்ட் வந்ததும் வார்டே பரீட்சை முடிவு வந்த பள்ளிக்கூடம் போல ஆகிவிடும். “எங்களுக்கு அறுபது.” “எங்களுக்கு நாப்பத்தஞ்சு, நேத்து அம்பது.” அதிகம் வாங்கினவர்கள் குறைவாக வாங்கினவர்களைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

என் மச்சான் பத்தொன்பதாயிரம். வகுப்பிலேயே கடைசி. திரைக்கு அந்தப் பக்கம் தொண்ணூற்றிரண்டாயிரம்.

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டையும் காட்டிவிடுகிறேன்.

ஒரு மாலை நேரத்தில், எங்கிருந்தோ வந்த ஒரு கொசு— (கொசுவில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன். விட்டுவிட்டேன்.)

மருத்துவமனையின் வெண்ணிறச் சுவர்கள் மௌனமாக— (சுவர் வெளிர்நீலம். மௌனமும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.)

அன்று காலைதான் அவன் உடம்பு குளிர்ந்தது.

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

2

அன்று காலைதான் அவன் உடம்பு குளிர்ந்தது. அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், கழுத்தில் வைத்துப் பார்த்தாள், நம்பிக்கை வராமல் முதுகுப் பக்கம் பனியனுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். எங்கும் சூடு இல்லை. நர்ஸ் வெப்பமானியைப் பார்த்துவிட்டு “நார்மல்” என்றாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, பல நாளாகக் கட்டிக்கொண்டே இருந்த தலைமுடியை அவிழ்த்து மறுபடி நிதானமாகக் கட்டினாள்.

அவளுக்கு வயது நாற்பதை நெருங்கும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டிருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். தம்பி அவளைவிட ரொம்பச் சின்னவன். ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். கூட்டாளிகள் அவனைக் ‘கூலிங்’ என்பார்கள். காய்ச்சல் கொதித்த நாட்களில் பார்க்க வந்தவர்களெல்லாம் அந்தப் பெயரை வைத்து ஒரு ஜோக் அடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவன் ஒரு வருஷமாக அக்கா வீட்டில் இல்லை. ஒருநாள் ராத்திரி வேலை முடிந்து நேரம் கழித்து வந்தான். வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே மாமா, அக்காவின் கணவர், “நினைச்ச நேரத்துக்கு வர்றதுக்கு இது லாட்ஜ் இல்ல” என்றார். அக்கா கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மாமாவைப் பார்க்கவில்லையாம், அக்காவைத்தான் பார்த்தானாம். காலையில் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பண்டிகைக்கும் வரவில்லை, பிறந்தநாளுக்கும் வரவில்லை. போன் செய்தால் “வேலையா இருக்கேன்க்கா” என்பான். காய்ச்சலோடு வாடகை அறையில் தனியாகச் சுருண்டு கிடந்தவனைப் பற்றி அந்த அறையின் சொந்தக்காரர்தான் போன் செய்து சொன்னார்.

அப்படிப்பட்டவன், அன்று காலை உடம்பு குளிர்ந்ததும், கண்ணைத் திறந்து சொன்னான்: “போதும்க்கா. வீட்டுக்குப் போலாம்.”

“உன் ரூமுக்கா?”

“நம்ம வீட்டுக்கு.”

[திரைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அந்த நேரத்தில் இதன் கனம் தெரியாது. யாரோ வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்து, அவர்களுடைய ஜன்னலோரக் கட்டிலுக்கு மச்சானை மாற்றலாமா என்று கணக்குப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது.]

3

அக்கா பைகளைக் கட்டத் தொடங்கிய நேரத்தில் டியூட்டி டாக்டர் வந்தாள். ஆள் குள்ளம், வயதும் குறைவு. பெரிய டாக்டர் தனியாக ஒருவர் இருந்ததால் வார்டில் எல்லோருக்கும் அவள் ‘சின்ன டாக்டர்’. அவளும் ஊரோடு சேர்ந்து இவளை அக்கா என்றே கூப்பிட்டாள்.

“பை எதுக்குக்கா?”

“காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர். டிஸ்சார்ஜ் போட்டுக் கொடுத்துடுங்க.”

“காய்ச்சல் விட்டதாலதான் இன்னும் ரெண்டு நாள் இருக்கச் சொல்றேன்.”

அக்காவுக்கு இது வம்புப் பேச்சாகப் பட்டது. காய்ச்சல் இருந்தால் இரு என்பார்கள். விட்டாலும் இரு என்றால், எப்போதுதான் போவது?

“பிளேட்லெட் தொண்ணூத்திரெண்டாயிரம் இருக்கு எங்களுக்கு. பக்கத்துல பத்தொம்பதாயிரம். அவரு உட்கார்ந்து பிரெட் தின்னுட்டு இருக்காரு. எங்களைப் போய்ப் பிடிச்சு வெச்சிருக்கீங்க.”

(மச்சான் மெல்லுவதை நிறுத்தினான். “மாமா, என்னைத்தானே சொல்றாங்க?” என்றான் கிசுகிசுப்பாக. நான் அவன் வாயைப் பொத்தினேன்.)

“அவருக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் தாண்டியாச்சு. ரத்தம் எங்கேயும் வரல, நல்லா சாப்பிடுறாரு. பிளேட்லெட் மெதுவாத்தான் ஏறும்” என்ற சின்ன டாக்டர், ரிப்போர்ட் தாளை விரித்துப் பிடித்தாள். “நீங்க இந்த வரியையே பார்க்கறீங்க. நான் பார்க்கறது அதுக்கு மேல இருக்கற இந்த வரி. பி.சி.வி. ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு சொல்றது. சேர்ந்தப்ப நாப்பத்தொன்னு. நேத்து நாப்பத்தஞ்சு. இன்னைக்கு நாப்பத்தொம்பது.”

“ஏறிட்டே வருதே. நல்லதுதானே?”

“இது ஏறக்கூடாதுக்கா.”

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் ஏறக்கூடாத எண் என்றால் வாடகையும் விலைவாசியும்தான். உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

“ரத்தக் குழாய்ல இருந்து தண்ணிப் பகுதி வெளிய கசிய ஆரம்பிக்குது. நெஞ்சுல, வயித்துல போய்ச் சேரும். குழாய்க்குள்ள மிச்சம் இருக்கறது கெட்டியாயிடும். அதான் இந்த நம்பர் ஏறுது. காய்ச்சல் விடற நேரத்துலதான் இது நடக்கும். அதிகமா கசிஞ்சா பிரஷர் இறங்கிடும்.” கட்டிலின் பக்கம் திரும்பினாள். “வயிறு வலிக்குதா?”

“இல்ல” என்றான் கூலிங். சொல்லும்போதே கை வயிற்றின் மேல் இருந்தது.

“வாந்தி?”

“ரெண்டு தடவை” என்றாள் அக்கா. “வெறும் வயித்துல மாத்திரை போட்டதுல.”

“என்னை விடுங்க டாக்டர்” என்றான் அவன். கையில் குத்தியிருந்த ஊசியின் பிளாஸ்திரியைப் பிய்க்கத் தொடங்கினான். காலை மடக்கினான், நீட்டினான், எழுந்து உட்கார்ந்தான், மறுபடி படுத்தான். “இங்க இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். போலாம்க்கா, வாக்கா.”

“பார்த்தீங்களா, நிலைகொள்ளாம தவிக்கிறாரு. இதுவும் நான் கவனிக்க வேண்டிய அறிகுறிதான்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒரு வருஷமாக வராதவன் வா என்கிறான். இன்றைக்கு இல்லை என்றால், நாளைக்குத் தெம்பு வந்ததும் பழைய ரோஷமும் சேர்ந்து வந்துவிட்டால்?

“நாங்க போறோம் டாக்டர். எங்க கையெழுத்துப் போடணும்?”

4

இங்கே நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.

காரணம், அக்கா. அவள் கையெழுத்துப் போட்டதும் நீங்கள் அவளைத் திட்டத் தொடங்கியிருப்பீர்கள். “டாக்டரே சொல்றாங்க, அப்புறம் என்ன” என்று. எனக்கும் வாய் வரை வந்தது. அதனால் அவளைக் கொஞ்சம் நல்லவளாக்கிப் பார்த்தேன். ஒரு வடிவத்தில் அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தயங்குகிறாள். இன்னொன்றில் கண்ணீர்த்துளி தாளில் விழுந்து மை— (சே.) உண்மையில் அவள் சட்டென்று போட்டாள். சட்டைக் கட்டை ‘ஓகே’ செய்து தள்ளுகிற கை அது.

டாக்டரையும் கெடுத்து வைத்திருந்தேன். முதல் பிரதியில் அவள், “உங்க தம்பி செத்தா நான் பொறுப்பில்ல” என்று கத்துவாள். உண்மைகளைச் சரிபார்க்க அவளுக்கு அனுப்பினேன். அன்றே போன் வந்தது.

“நான் கத்தவே இல்லையே சார்.”

“கதைக்காகச் சேர்த்தேன்.”

“எடுத்துடுங்க. கத்துனா அவங்க இன்னும் வேகமாப் போயிருப்பாங்க. நான் சொன்னது வேற. ‘கை கால் ஜில்லுன்னு ஆனாலோ, வயிறு வலி கூடினாலோ, ரொம்பத் தூக்கமா இருந்தாலோ, வாசல்ல இருந்தாலும் திரும்பி வந்துடுங்க, நான் எதுவும் கேட்க மாட்டேன்’னு சொன்னேன்.”

எடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் எடுத்தேன், மனமில்லாமல். ‘கசிவு’ என்று டாக்டர் சொன்னதும் கூலிங் எழுந்து உட்கார்ந்து, “கேஸ் லீக் மாதிரியா டாக்டர்? அப்ப லீக்கை அடைக்காம மெஷினை ஓட்டக்கூடாது” என்று சொல்வதாக ஒரு வசனம் எழுதியிருந்தேன். ஏ.சி. மெக்கானிக், ரத்தக்குழாய், லீக். எல்லாம் அச்சுப்போலப் பொருந்தியது. எழுதிவிட்டு எனக்கு நானே டீ போட்டுக் குடித்தேன். ஆனால் அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. நிலைகொள்ளாமல் புரளுகிறவன் உவமை சொல்ல மாட்டான். அவன் கேட்டதெல்லாம் தண்ணீரும் செருப்பும்தான்.

5

செருப்பைப் போட்டுவிட்டாள். தோளில் இரண்டு பை, ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையால் தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சக்கர நாற்காலி தருகிறோம் என்றதற்கு அவன், “நான் என்ன நொண்டியா?” என்றான். இருவரும் திரையைத் தாண்டிப் போனார்கள். போகும்போது அக்கா என் மச்சானைப் பார்த்து, “சீக்கிரம் ஏறிடும் தம்பி, கவலைப்படாதீங்க” என்று ஆறுதல் சொன்னாள்.

அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. இனி வருவது, பிற்பாடு வராந்தாவில் அவள் சொன்னதும், நான் இட்டு நிரப்பியதும்.

நீளமான வராந்தா. ஒரு பக்கம் பரிசோதனைக்கூடத்தின் ஜன்னல், இன்னொரு பக்கம் வரிசையாகப் பெஞ்சுகள். பாதி தூரத்தில் கூலிங் பேச்சை நிறுத்தினான். அதுவரை “வாக்கா வாக்கா” என்று இழுத்தவன் நடையைக் குறைத்தான். அக்கா போனில் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஆமா, நம்ம வீட்டுக்குத்தான். அவனே சொன்னான். நீங்க ஒன்னும் பேசாதீங்க. வந்ததும் சும்மா வாப்பான்னு மட்டும் சொல்லுங்க.”

வாசலுக்கு இறங்கும் சரிவில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னடா?”

“ஒன்னுமில்ல. உட்காரணும்.”

அவள் பிடி நழுவி அவன் உள்ளங்கைக்கு வந்தது. ஈரமாக இருந்தது. வெயில் நேரம், வியர்வை என்று நினைத்தாள். ஆனால் வியர்த்த கை சூடாக இருக்கும். இது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த துணிபோல இருந்தது. பல நாளாக அவள் இந்த உடம்பு குளிர வேண்டும் என்று வேண்டாத நேரமில்லை. குளிர்ந்துவிட்டது. இப்போது குளிர்ச்சி நிற்காமல் கூடிக்கொண்டே இருந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

“திரும்பிப் போலாம்டா.”

“வேண்டாம். வீட்டுக்குப் போலாம்.”

“போலாம். இப்ப வா.”

“நீ எப்பவும் இப்படித்தான்” என்றான் அவன். “எனக்குன்னு ஒரு தடவையாவது—”

[இந்த வாக்கியத்தை நான் பாதியில் விட்டதாக நினைக்க வேண்டாம். அவன்தான் விட்டான். முடிக்கத் தெம்பு இல்லை.]

அக்கா பைகளை அங்கேயே போட்டாள். பிளாஸ்க் உருண்டு சரிவில் போனது. அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வராந்தாவின் கடைசியில் தெரிந்த, வெள்ளைக் கோட் போட்டவரை நோக்கிக் கூப்பிட்டாள். அவள் குரல் அத்தனை பெரியது என்று அவளுக்கே தெரியாது.

6

இதைத்தான் நான் நேரில் பார்த்தேன்: திரை பிடுங்கி ஒதுக்கப்பட்டது. கூலிங்கைக் கட்டிலில் போட்டார்கள். காலடியில் தலையணைகளைச் செருகினார்கள். சின்ன டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

“தொண்ணூத்தாறு, எண்பது.”

எனக்கு அது மோசமாகப் படவில்லை. “மேலே இருக்கறதுக்கும் கீழே இருக்கறதுக்கும் நடுவுல இடைவெளியே இல்ல, பாருங்க. நாற்பது இருக்கணும். பதினாறு இருக்கு” என்று பிறகு ஒருநாள் டாக்டர் எனக்கு விளக்கினாள். அப்போது அவள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி ஏற்றி உப்புநீர் பாட்டிலை வேகமாகத் திறந்துவிட்டாள். விரல் நுனியை அழுத்தி, விட்டு, நிறம் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் எடுத்து, கையோடு ஓடும்படி ஆளை அனுப்பினாள். பி.சி.வி. ஐம்பத்திரண்டு.

திரும்பி வந்ததற்கு அவள் எதுவும் கேட்கவில்லை. சொன்னபடியே.

பாட்டில் முடிந்தது, அடுத்தது ஏறியது. நாற்பத்தேழு என்று வந்தது. டாக்டர் முதல் முறையாக உட்கார்ந்தாள். ஆனால் கூடவே வந்த இன்னொரு எண்ணை அக்கா படித்துவிட்டாள். பிளேட்லெட் இருபத்துமூன்றாயிரம்.

“காலையில தொண்ணூத்திரெண்டு டாக்டர். காலையில.”

“விழும்னு தெரியும்க்கா.”

“அப்ப பிளேட்லெட் ஏத்துங்க.”

“இப்ப வேண்டாம்.”

மாமா வந்து சேர்ந்தது அப்போதுதான். பெரிய உடம்பு. கூடவே அவருடைய பட்டறை ஆட்கள் மூன்று பேர். நால்வரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது வார்டே இருட்டியது போலாயிற்று.

“ரத்தம் கொடுக்க ஆள் கொண்டாந்திருக்கேன்” என்றார் மாமா. “இவனுங்க எல்லாம் நல்ல ஆரோக்கியம். முதல்ல என்னோடதை எடுங்க.” பேசும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“இவருக்கு இப்ப ரத்தக்கசிவு எங்கேயும் இல்ல. ஈறுல வரல, மலத்துல வரல. எண்ணிக்கை குறைஞ்சிருக்குன்னு மட்டும் பிளேட்லெட் ஏத்தினா பலன் இல்ல. ஏத்தினது நிக்காது. நெஞ்சுல ஏற்கெனவே தண்ணி சேர்ந்திருக்கு. தேவையில்லாம எதை ஏத்தினாலும் மூச்சு முட்டும்.”

“படிச்சவங்க நீங்க. ஆனா தாள்ல இருபத்திமூணுன்னு போட்டிருக்கே.”

“போட்டிருக்கு.”

“பார்த்துட்டு சும்மா இருன்னு சொல்றீங்க.”

“சும்மா இல்ல. ரத்தம் வந்தா உடனே கொடுக்க எடுத்து வைக்கச் சொல்லியாச்சு. வராத வரைக்கும் காத்திருக்கணும்.”

காலையில் டாக்டர் பேச்சைக் கேட்காமல் போனது தப்பு. இப்போது கேட்பது சரியா? அக்கா ரிப்போர்ட் தாளை மடித்தாள். மாமா அவளைப் பார்த்தார். பட்டறை ஆட்களும் அவளைப் பார்த்தார்கள். கண் மூடியிருந்த தம்பியின் இமை அசைந்தது.

“டாக்டர் சொல்றபடி இருக்கட்டும்” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவங்களுக்குத் தெரியும். தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.”

மாமா தள்ளி நின்றார். மடித்த சட்டைக் கையை இறக்க அவருக்குத் தோன்றவில்லை.

7

இரவைத் தாவிவிடுகிறேன். மருத்துவமனை இரவை எழுதினால் யார் வேண்டுமானாலும் உங்களை அழவைத்துவிடலாம். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். மணிக்கொரு தரம் விரல் நுனியில் குத்தினார்கள், பாட்டிலின் வேகத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ரிப்போர்ட் வந்தது. பி.சி.வி. முப்பத்தெட்டு.

இப்போது அக்காவுக்குப் பாடம் தெரியும். இந்த எண் ஏறக்கூடாது, இறங்க வேண்டும். இறங்கியிருக்கிறது. அவள் டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை.

“இறங்கிடுச்சே டாக்டர்.”

“ஆமா. சேர்ந்தப்ப இருந்ததைவிடக் கீழே இறங்கிடுச்சு.” அவள் ஏற்கெனவே போர்வையை விலக்கிக்கொண்டிருந்தாள். “இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. கசிஞ்சு வெளிய போன தண்ணி குழாய்க்குள்ள திரும்பி வந்தா இறங்கும். அது நல்லது. உள்ளுக்குள்ள எங்கேயாவது ரத்தம் கொட்டினாலும் இறங்கும்.”

“ரெண்டுக்கும் ஒரே நம்பரா?”

“ஒரே நம்பர்தான்.”

[என் மேசையில் இந்த இடத்தில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் அவன் பிழைக்கிறான், மற்றதில் இல்லை. இரண்டுமே முப்பத்தெட்டு என்ற எண்ணில் தொடங்கின. இரண்டாவதை நான் நன்றாகவே எழுதியிருந்தேன். மச்சான் படித்துவிட்டு, “மாமா, அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தது நான். அந்த ஆளைக் கொன்னீங்கன்னா அக்காகிட்ட சொல்லிடுவேன்” என்றான். அவன் அக்கா என்றது என் மனைவியை. கிழித்துப் போட்டேன்.]

டாக்டர் நாடி பார்த்தாள். வயிற்றை மெல்ல அழுத்தினாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். “வெளிக்குப் போனாரா? கறுப்பா இருந்துச்சா?” அக்கா இல்லை என்று தலையாட்டினாள். ரத்த அழுத்தப் பட்டையில் காற்று ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. வார்டில் அன்றைக்கு யாரும் யாரையும் “எவ்வளவு?” என்று கேட்கவில்லை.

கூலிங் கண்ணைத் திறந்தான்.

“அக்கா.”

“என்னடா? வலிக்குதா?”

“எல்லாரையும் கொஞ்சம் வெளிய போகச் சொல்லு.”

“எதுக்குடா?”

“ஒன்னுக்கு வருது.”

டாக்டர் பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “நிறைய வருதா?”

“கேக்கற கேள்வியா இது?” என்றான் அவன்.

நிறையவே வந்தது. நர்ஸ் அளவுக் குடுவையைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பார்வையை நான் கதையில் கொண்டுவர முயன்று தோற்றேன். “நூத்திப் பத்து, எழுபது” என்றாள். “நாடி நிதானமா இருக்கு. வயிறு மெத்துன்னு இருக்கு. போன தண்ணி திரும்பி வருதுக்கா. வந்து வெளிய போகுது. இனிமே பாட்டிலை நிறுத்திடலாம்.”

அக்கா குடுவையையும் டாக்டரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கூலிங் வாசல் பக்கம் பார்த்தான். “மாமா எதுக்குச் சட்டையை மடிச்சுட்டு நிக்கிறாரு? யாரை அடிக்கப் போறாரு?”

8

கதையை இங்கே முடித்திருக்கலாம். தட்டணுக்கள் இருபதிலேயே தத்தளித்து, பிறகு நாற்பது, எண்பது என்று தானாகவே ஏறின. ஒரு துளிகூட வெளியிலிருந்து ஏற்றவில்லை. மச்சான் இன்னும் முந்திக்கொண்டு ஒரு லட்சத்தைத் தொட்டு, வார்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டான்.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆபத்து தாண்டிய அன்று மாலை, அக்கா வராந்தாவில் சின்ன டாக்டரை நிறுத்திக் கேட்டாள். நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

“ஒன்னு கேக்கணும் டாக்டர். அன்னைக்கு அவன் தவிச்சதெல்லாம் நோயோட அறிகுறின்னீங்களே.”

“ஆமாக்கா. மூளைக்கு ரத்தம் குறையறப்ப அப்படி வரும்.”

“வீட்டுக்குப் போலாம் வீட்டுக்குப் போலாம்னு சொன்னானே. நம்ம வீட்டுக்குன்னு. அதுவும் அறிகுறிதானா?”

டாக்டர் காது மாட்டும் குழாயைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள்.

“அது எனக்குத் தெரியலக்கா. அதுக்கு டெஸ்ட் இல்ல.”

“அவன்கிட்டயே கேக்கலாமா?”

“கேட்டுப் பாருங்களேன்.”

அக்கா கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நான் திரைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். சாப்பாடு கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், பிளாஸ்க் உடைந்ததற்குத் திட்டினாள். அதை மட்டும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மாமா தினமும் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஜன்னல் ஏ.சி.யைப் பார்த்து, “இதுல ஏதோ சத்தம் வருதே, என்னன்னு பாருடா” என்பார். அவன் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டு, “ஃபேன் மோட்டார் மாமா” என்பான். ஒரு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று நாங்களும் கிளம்பினோம். வாசலில் அவர்களுக்குப் பின்னால் ஆட்டோவுக்காக நானும் மச்சானும் நின்றோம். அக்கா முதலில் ஏறி உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். கூலிங் மெதுவாக ஏறி ஓரத்தில் உட்கார்ந்தான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“எங்க போகணும்?”

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

[எனக்குக் கேட்டது. இவ்வளவு தூரம் ஒட்டுக்கேட்டவனுக்கு அது மட்டும் கேட்காமல் போகுமா? ஆனால் எழுதமாட்டேன். இருவரும் சொன்னது ஒரே இடமா, இரண்டு இடமா என்பதைக்கூட. டாக்டர் ஒரு பதிலை நம்புகிறாள். மச்சான் வேறொன்றைப் பந்தயம் கட்டிச் சொல்கிறான். வண்டிச் சத்தத்தில் ஆட்டோக்காரருக்குத்தான் இரண்டு குரலும் கலந்து, ஒன்றும் புரியவில்லை.]

அவர் இப்போது திரும்பிப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான். பின்னால் நிற்கிற வண்டி ஹாரன் அடிக்கிறது. இங்கே ரொம்ப நேரம் நிற்க விடமாட்டார்கள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா எப்படிங்க? யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

சொல்லுங்கள்.